ஒரே சாட்சியின் இரண்டு கையெழுத்து

வெந்தய வரியன் ஒரே இனமல்ல, நான்கு தனி இனங்கள். இதை ஏற்க மறுப்பவர்கள் அருங்காட்சியக அலமாரிகளின் காலத்திலேயே தங்கிவிட்டவர்கள். சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான். அதன் தொனி என்னை உறுத்தவில்லை, உறுத்துவது வாதம். மூன்று சான்றுகளை அடுக்கி, மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று கட்டுரையாளர் முடிக்கிறார். அவற்றில் ஒன்றுகூட அவர் சொல்வதைச் சொல்லவில்லை. இந்தப் பூச்சியின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்துக் கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளில் ஒன்றைக்கூட அவர் தொடவும் இல்லை. அதைப் படித்துவிட்டு மறுத்திருந்தால் அது விவாதம். படிக்காமல் மற்றவர்களைப் பழமைவாதிகள் என்பது விவாதமல்ல. வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்கியிருக்கும் மாணவர்கள் அந்தக் கட்டுரையை நம்பித் தங்கள் குறிப்பேட்டில் நான்கு இனப் பெயர்களை எழுதுவார்கள் என்பதால்தான் இந்தப் பதில்.

பூச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். எருக்கு முளைத்த தரிசில், ரயில் பாதை ஓரத்தில், வெயிலில் அவசரமே இல்லாமல் பறக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சி இது. புழுப் பருவத்தில் எருக்கிலையைத் தின்று, அதன் பாலில் உள்ள நச்சை உடலில் சேர்த்துக்கொள்ளக்கூடியது. ஒருமுறை தின்று கசப்பறிந்த பறவை, அந்த நிறத்தை மறுமுறை தொடாது. ஆப்பிரிக்கா முழுக்க, ஐரோப்பாவின் தென்கரையில், அரேபியாவில், தெற்காசியாவில், தென்கிழக்காசியாவில் என்று பரந்து கிடக்கிறது. லின்னேயஸ் 1758இல் இதற்குக் க்ரிசிப்பஸ் என்று பெயரிட்டார். நம் ஊரில் பெரும்பாலும் காண்பது முன்சிறகின் நுனி கறுத்து, அதில் வெள்ளைப் பட்டை ஓடும் உரு. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கறுப்பு நுனியே இல்லாத டோரிப்பஸ் உருவும், மேற்கு ஆப்பிரிக்காவில் பின்சிறகு வெளுத்த அல்சிப்பஸ் உருவும், ஆப்பிரிக்காவின் தெற்கே ஆரஞ்சு மங்கிப் பழுப்பேறிய ஓரியன்டிஸ் உருவும் மிகுதி. இவற்றைத் துணையினங்கள் என்று வழங்குவதுண்டு. கட்டுரையாளர் நான்கையும் இனங்களாக உயர்த்தச் சொல்கிறார்.

அவருடைய முதல் சான்று நிறம். நான்கு உருக்களும் கண்ணுக்குத் தெளிவாக வேறுபடுகின்றன, ஆகவே வெவ்வேறு இனங்கள் என்கிறார். இந்த வாதத்தின் வரலாறு அவருக்குத் தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் காமன் மார்மன் பூச்சியின் ஆணும் பெண்ணும் வேறு வேறாகத் தெரிந்ததால், லின்னேயஸே ஆணுக்குப் பாம்மன் என்றும் பெண்ணுக்குப் பாலிட்டஸ் என்றும் தனித்தனி இனப் பெயர் வைத்தார். பெண்ணின் இன்னோர் உருவுக்குப் பிறகு ரோமுலஸ் என்று மூன்றாவது பெயர் வந்தது. இவை ஒரே இனத்தின் உருக்கள் என்று ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1860களில் எடுத்துக்காட்டினார். 1910களில் இலங்கையில் ஃப்ரையர் என்ற ஆய்வாளர் தலைமுறை தலைமுறையாக இந்தப் பூச்சியை வளர்த்து, ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு உருவுள்ள பெண்கள் வருவதைப் பதிவு செய்தார். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவின் வேறுபாட்டால்தான் அவ்வளவு மாற்றமும் நிகழ்கிறது என்பது 2014இல் நிறுவப்பட்டது. சிறகு நிறத்தை நம்பி இனம் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வீட்டுக் கொல்லையிலேயே சான்று பறக்கிறது.

வெந்தய வரியனிலும் கதை அதுவே. சிறகு நுனி கறுப்பாக இருக்குமா என்பதை ஓர் இடத்து மரபணு முடிவு செய்கிறது. ஆரஞ்சா பழுப்பா என்பதை இன்னொன்று. பின்சிறகின் வெண்மையை மூன்றாவது ஒன்று. முதல் இரண்டும் 15ஆம் குரோமோசோமில் ஒட்டி அமர்ந்திருக்கின்றன. கறுப்பு நுனி இல்லாமை ஓங்கு பண்பு, கறுப்பு நுனி ஒடுங்கு பண்பு. இரண்டும் கலந்த பூச்சிகளில் சிலவற்றின் நுனியில் மங்கிய வெள்ளைத் தடம் தெரியும். அந்த இடைநிலைக்கும் டிரான்சியன்ஸ் என்று ஒரு பெயர் முன்பே இருக்கிறது. அதை எந்த இனத்தில் வைப்பது என்று கட்டுரையாளர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது: நான்கு இனக் கணக்கில் அதற்கு இடமே கிடையாது.

அடுத்து, இவர் அறவே கவனிக்காதது நிலவரைபடம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மக்கள் அறிவியல் தளங்களில் பொதுமக்கள் ஏற்றிய 5,467 பதிவுகள், அருங்காட்சியகங்களிலிருந்து 8,864, களத்தில் சேகரித்தவை 2,586 என்று ஏறக்குறைய 17,000 பூச்சிகளை வைத்து இந்த மூன்று பண்புகளும் உலகில் எங்கெங்கே எப்படி மாறுகின்றன என்று வரைந்தது. ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மாற்றம் எங்கும் கோடு கிழித்ததுபோல நிகழவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சிறிது சிறிதாக நிகழ்கிறது. அதைவிட முக்கியம், கிழக்கு ஆப்பிரிக்காவில் பின்சிறகின் வெண்மை மாறும் இடமும் முன்சிறகின் நுனி மாறும் இடமும் ஒன்றாக இல்லை. இரண்டு இனங்கள் சந்திக்கும் எல்லையாக இருந்தால் அவற்றின் பண்புகள் சேர்ந்தல்லவா மாற வேண்டும்? ஒவ்வொரு பண்பும் தன் போக்கில் தனித்தனி எல்லையோடு நிற்பது, மரபணுக்கள் இந்தப் பூச்சிக் கூட்டத்துக்குள் தடையின்றி நடமாடுவதைத்தான் காட்டுகிறது. பழுப்பு நிறமோ குளிர்ந்த பகுதிகளில் மிகுந்திருக்கிறது. கருத்த சிறகு வெயிலை வேகமாக உறிஞ்சும் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். தட்பவெப்பத்தோடு ஏறி இறங்கும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஓரியன்டிஸைத் தனி இனம் என்கிறார் இவர். மலேசியப் பக்கத்திலும் பின்சிறகு வெளுத்த வெந்தய வரியன்கள் உண்டு. அவையும் அல்சிப்பஸ் இனமா? ஆமெனில், நடுவில் பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் ஆரஞ்சுப் பூச்சிகளே இருப்பது எப்படி? இல்லையெனில் நான்கு ஐந்தாகுமா? கட்டுரை இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

இன்னொரு பூச்சியைப் பற்றியும் அவர் பேசவில்லை. டனைட் எக்ஃபிளை என்ற பூச்சியின் பெண் வெந்தய வரியனைப் போலவே வேடம் தரித்தது. கறுப்பு நுனியுள்ள பெண்ணும் உண்டு. டோரிப்பஸைப் போல நுனி வெறுமையான பெண்ணும் உண்டு. பின்சிறகு வெளுத்த பெண்ணும் உண்டு. இனாரியா என்று அதன் ஓர் உருவுக்கும் ஒரு காலத்தில் இனப் பெயர் கொடுத்தார்கள். இன்று யாரும் அதை உடைப்பதில்லை, ஏனெனில் எல்லாப் பெண்களுக்கும் இணை ஒரே மாதிரியான கறுப்பு ஆண். போலியின் உருக்கள் ஓர் இனம், அசலின் அதே உருக்கள் நான்கு இனம் என்றால் அளவுகோல் எது?

இனி அவருடைய இரண்டாம் சான்று. கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் இனத்தை அடையாளம் காணப் பயன்படும் பார்கோடு பகுதியில் பூச்சிகள் கிளைகளாகப் பிரிகின்றன, அந்தப் பிரிவு நிறத்தோடு ஒத்துப்போகிறது, தொடர்பே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒரே சாட்சியம் சொல்கின்றன என்கிறார். அந்தப் பகுதி 658 எழுத்து நீளமானது. இந்தப் பூச்சியின் முழு மரபணுத் தொகுதி 30 கோடி எழுத்துகளுக்கும் மேல். ஆனால் அளவு சிறியது என்பது என் மறுப்பல்ல. சிறிய பகுதியும் சில நேரம் உண்மை சொல்லும். இந்தப் பூச்சியில் அது சொல்லாது. காரணம் வெகு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் வெந்தய வரியன்களில் ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வாழ்கிறது. தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் இது, ஆண் கருக்களைக் கொன்றுவிடும். பாக்டீரியாவுக்கு ஆண் ஒரு முட்டுச்சந்து. ஆண் அழிந்தால் அவனுடைய சகோதரிகளுக்கு உணவு மிச்சம். மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழியில்தான் செல்கிறது. ஆகவே பாக்டீரியா பரவும் இடமெல்லாம், அது தொற்றிய தாயின் மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவும். பூச்சியின் குலவரலாற்றுக்கும் அதற்கும் தொடர்பே வேண்டாம். இப்படிப்பட்ட தொற்று உள்ள பூச்சிகளில் மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வகைப்படுத்துவது ஆபத்து என்று கிரெகரி ஹர்ஸ்ட், ஃபிரான்சிஸ் ஜிக்கின்ஸ் இருவரும் 2005லேயே விரிவாக எச்சரித்துவிட்டார்கள். வெந்தய வரியனில் ஆண்கொல்லித் தொற்று இருப்பது அதற்கும் முன்பே, 2000இல், அறிவிக்கப்பட்டது. பார்கோடை மேற்கோள் காட்டும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பூச்சிகளுக்குத் தொற்று உண்டா என்பது. கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் பார்கோடு குழப்பமான சாட்சி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். 2020இல் வெளியான முழு மரபணுத் தொகுதி ஆய்வு அதைவிட ஆழமாகப் போயிற்று. வண்ணத்துப்பூச்சிகளில் பெண்ணுக்கே உரிய டபிள்யூ குரோமோசோம் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் செல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த உருக்கள் கலக்கும் பகுதியில், தொற்றுள்ள பெண்களில் அந்த டபிள்யூவோடு 15ஆம் குரோமோசோமின் ஒரு பிரதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறகு நுனியையும் அடிநிறத்தையும் முடிவு செய்யும் அதே குரோமோசோம்தான். பெண் வண்ணத்துப்பூச்சிகளில் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதே இல்லை. ஆகவே ஒட்டிய பிரதி சிதறாமல், கலையாமல், முழுக் குரோமோசோமாகவே மகளுக்கும் பேத்திக்கும் போகிறது. ஸ்பைரோபிளாஸ்மாவின் வம்சாவளியும் இந்தப் புதிய டபிள்யூவின் வம்சாவளியும் கிளைக்குக் கிளை பொருந்துகின்றன. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்குள் இந்தப் பிரதி ஒன்றே அங்குள்ள தொற்றுப் பெண்கள் எல்லாரிடமும் பரவிவிட்டது. பாக்டீரியா, மைட்டோகாண்ட்ரியா, பெண் குரோமோசோம், நிற மரபணு எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு ஒன்றாகவே கைமாறுகின்றன.

இப்போது கட்டுரையாளரின் இரண்டு சாட்சிகளைப் பாருங்கள். நிறம் ஒருவர், மைட்டோகாண்ட்ரியா மற்றவர். இவர்கள் ஒத்துப்போகிறார்கள் என்றால், இருவரும் அந்தத் தொற்றுப் பெண்ணின் வழியாகச் சேர்ந்து வந்தவர்கள் என்பதே காரணமாக இருக்க முடியும். ஒரே சாட்சி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டதை இவர் இரண்டு சாட்சியமாக எண்ணுகிறார். ஒத்துப்போகவில்லை என்றாலோ அவருக்குச் சான்றே மிஞ்சவில்லை.

உண்மையில் கிழக்கு ஆப்பிரிக்கக் கலப்புப் பகுதியில் அவை ஒத்துப்போகவும் இல்லை. அந்தப் பெண்களின் டபிள்யூவில் ஒட்டியிருக்கும் பிரதி, கறுப்பு நுனிக்குரிய ஒடுங்கு பண்பைச் சுமப்பது. ஆகவே மகளின் நிறத்தைத் தந்தையிடமிருந்து வரும் மற்றப் பிரதிதான் முடிவு செய்கிறது. தொற்றுள்ள குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் இறந்துவிடுவதால் தந்தைகள் வெளியிலிருந்து வந்து சேரும் ஆண்கள். தாய் கறுப்பு நுனி உரு, வருகிறவன் டோரிப்பஸ் என்றால் மகள்கள் நுனி வெறுமையோடு பிறப்பார்கள். அந்த மகள்களுக்குக் கறுப்பு நுனி ஆண் இணையாகக் கிடைத்தால் பேத்திகள் கறுப்பு நுனியோடு பிறப்பார்கள். மூவரின் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்றே. இவருடைய வகைப்பாட்டின்படி பாட்டி க்ரிசிப்பஸ் இனம், மகள் டோரிப்பஸ் இனம், பேத்தி மறுபடி க்ரிசிப்பஸ் இனம். எந்த ஆண் வந்து சேர்ந்தான் என்பதைப் பொறுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் ஒன்றை இனம் என்று அழைக்கச் சொல்கிறார். இதை ஏற்க நான் தயாரில்லை. யாரும் தயாராக இருக்கக் கூடாது.

மூன்றாம் சான்றும் இங்கேயே விழுந்துவிடுகிறது. உருக்கள் கலக்கும் பகுதியில் பெண் குஞ்சுகள் மட்டுமே பிறக்கும் குடும்பங்கள் உள்ளன, கலப்பில் ஒரு பால் அழிவது இரண்டு இனங்கள் பிரிந்து நிற்பதன் அடையாளம் என்கிறார். அத்தகைய குடும்பங்களை டேவிட் ஸ்மித் 1975லேயே விவரித்தார். அன்று அப்படியொரு ஐயம் எழுந்திருந்தால் நியாயம். ஆனால் வண்ணத்துப்பூச்சிகளில் பெண்ணுக்குத்தான் இரண்டு வேறுபட்ட பாலினக் குரோமோசோம்கள். இனங்கள் கலக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பால்தான் என்பது ஹால்டேன் 1922இல் சொன்ன விதி. அதன்படி இங்கே பெண்கள் இறக்க வேண்டும். இறப்பது ஆண்கள். காரணம் இனக்கலப்பு அல்ல, பாக்டீரியா. தன் வாதத்துக்கு நேர் எதிரான திசையில் சாயும் உண்மையைத் தன் பக்கத் தூணாக நிறுத்தியிருக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி உண்டு: மீதமுள்ள மரபணுத் தொகுதி என்ன சொல்கிறது? அதே 2020 ஆய்வு, உருக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குரோமோசோம் குரோமோசோமாக அளந்தது. பெரும்பகுதியில் வேறுபாடு மிகக் குறைவு. நிறத்தோடு தொடர்புள்ளவை உள்ளிட்ட சில இடங்களில் மட்டும் அது செங்குத்தாக எழுகிறது. இதன் பொருள் எளிது. ஒவ்வொரு வட்டாரத்துப் பறவையும் அங்கே மிகுதியாகப் பறக்கும் நிறத்தைத்தான் கசப்பென்று கற்றுக்கொள்கிறது. புதிய நிறத்தோடு வந்து சேரும் பூச்சி கொத்தப்படுகிறது. ஆகவே நிற மரபணு அந்தந்த வட்டாரத்தில் தங்கிவிடுகிறது, மற்ற மரபணுக்கள் தாராளமாகக் கடந்து போகின்றன. எந்தப் பண்பு இயற்கைத் தேர்வால் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் குலவரலாற்றை ஆகக் குறைவாகச் சொல்லும். கட்டுரையாளர் அதையே தேடிப் பிடித்திருக்கிறார்.

இனங்களை உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெந்தய வரியனின் துணையினமாக நெடுங்காலம் எண்ணப்பட்ட ஆஸ்திரேலியப் பூச்சியை இன்று பெட்டிலியா என்ற தனி இனமாக வைத்திருக்கிறார்கள், அதை ஏற்கிறேன். சிரில் கிளார்க்கும் பிலிப் ஷெப்பர்டும் 1973இல் அந்த ஆஸ்திரேலியப் பூச்சியையும் மேற்கு ஆப்பிரிக்கச் சியரா லியோன் பூச்சியையும் கலந்து வளர்த்துச் சிறகு நிறத்தின் மரபை ஆராய்ந்தார்கள். கூண்டில் இணைந்தால் ஒரே இனம் என்று நானும் வாதாட மாட்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேள்வி, திறந்த வெளியில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே காடுகளில் அஸ்டிராப்டஸ் ஃபுல்கரேட்டர் என்ற ஒரே பூச்சிக்குள் பத்து இனங்கள் இருப்பதாக 2004இல் பார்கோடு ஆய்வு சொன்னபோது, அதைத் தாங்கப் புழுக்களின் நிறமும் அவை தின்னும் செடிகளும் இருந்தன. அப்போதும் ஆண்ட்ரூ பிரோவர் 2006இல் கடுமையாக எதிர்த்தார். பார்கோடு மட்டும் அந்தப் பத்தைத் தாங்காது என்றார். பல ஆண்டுகள் புழு வளர்த்துச் சேர்த்த தகவல் இருந்த ஆய்வுக்கே அவ்வளவு கேள்வி. நம் கட்டுரையாளரிடம் புழுவைப் பற்றியோ உணவுச் செடியைப் பற்றியோ இணை தேடும் பழக்கத்தைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

பாதுகாப்பைப் பற்றி அவர் எழுதியிருக்கும் கடைசிப் பத்தியைச் சுருக்கமாகவே கடக்கிறேன். தனி இனமாக அறிவித்தால்தான் அருகிவரும் உருக்களைக் காக்க முடியும் என்கிறார். தரிசிலும் சாலையோரத்திலும் எருக்கு இருக்கும் வரை இந்தப் பூச்சி இருக்கும். எருக்கை வெட்டினால் எந்தப் பெயரும் அதைக் காக்காது. உண்மையில் அருகிவரும் பூச்சிகளுக்குக் கிடைக்க வேண்டிய கவனத்தைப் பொய்யான இனங்களுக்குப் பங்கு போடுவது பாதுகாப்புக்குச் செய்யும் தீங்கு.

அவர் தன் நிலையில் உறுதியாக இருந்தால், செய்ய வேண்டியது இதுதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கலப்புப் பகுதியில் பிடித்த, தொற்றில்லாத ஆண்களை எடுத்துக்கொள்ளட்டும். பின்சிறகின் வெண்மையை முடிவு செய்யும் 4ஆம் குரோமோசோமையும் 15ஆம் குரோமோசோமையும் ஒதுக்கிவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவையும் ஒதுக்கிவிட்டு, மீதியுள்ள குரோமோசோம்களில் கறுப்பு நுனி ஆண்களும் வெறும் நுனி ஆண்களும் இரண்டு தனிக் குழுக்களாகப் பிரிகிறார்களா என்று காட்டட்டும். பிரிந்தால், டோரிப்பஸ் தனி இனம் என்று இதே இதழில் முதலில் எழுதுகிறவன் நானாக இருப்பேன்.